எழுத்துக்கு ஏற்ற இருக்கை

நுழையும்முன்

நூலிலும் சுவரிலும் பேருந்துப் பலகையிலும் நாள்தோறும் எழுத்துகளைப் படிக்கிறோம். அவ்வெழுத்துகளின் அளவையும், இடைவெளியையும், வரி முறியும் இடத்தையும் யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். அம்முடிவு படிப்பவருக்குத் துணையாகலாம், தடையாகவும் ஆகலாம். பொருளுக்கேற்ப எழுத்தை அமைக்கும் கலை தமிழுக்குப் புதிதன்று. அக்கலையின் அடிப்படைகளை நம் மரபிலிருந்தும், நாமே செய்து பார்க்கும் ஒரு பயிற்சியிலிருந்தும் அறிவோம்.

எழுத்தும் காட்சியும்

மதுரையின் மாசி வீதிகளில் நடந்து செல்பவர் கண்ணில் படும் எழுத்துகள் பல வகையின. நகைக்கடைப் பலகையில் பொன்னிற எழுத்து. சுவரில் தூரிகையால் தீட்டிய விளம்பர எழுத்து. திரைப்படச் சுவரொட்டியில் பெருத்து நிற்கும் தலைப்பு. மருந்துச் சீட்டில் கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய சிற்றெழுத்து. எல்லாம் தமிழ் எழுத்துகளே. ஆயினும், ஒன்று அழைக்கிறது, மற்றொன்று எச்சரிக்கிறது, இன்னொன்று படிப்பவரை வருத்துகிறது. சொல்லின் பொருளைப் படித்தறியும் முன்னரே அதன் தோற்றம் நம்மிடம் ஏதோ ஒன்றைக் கூறிவிடுகிறது.

எழுத்துருவைத் தேர்தல், அதன் அளவை வரையறுத்தல், எழுத்துக்கும் சொல்லுக்கும் வரிக்கும் இடையே தக்க இடைவெளி விடுதல், பக்கத்தில் எதை எங்கே நிறுத்துவது எனத் தீர்மானித்தல் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அச்செழுத்துக் கலை. இக்கலைக்கு இரண்டு கடமைகள் உள்ளன. தெளிவாகப் படிக்கச் செய்தல் முதலாவது. பொருளின் உணர்வைக் கண்ணுக்குக் காட்டுதல் இரண்டாவது. முதலாவதை இழந்து இரண்டாவதைப் பெற முயலும் வடிவமைப்பு, எவ்வளவு அழகாயினும் பயன் தராது.

தேராக நின்ற பாட்டு

பொருளுக்கேற்பச் சொற்களை வடிவில் நிறுத்தும் முயற்சியைத் தமிழ்ப் புலவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மேற்கொண்டனர். அதனைச் சித்திரக்கவி என்பர். 12ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தண்டியலங்காரம், சொல்லணியியலில் இவற்றுக்கு இலக்கணம் கூறுகிறது. இரண்டு பாம்புகள் பின்னிக்கிடப்பது போன்ற வடிவில் எழுத்துகளை அமைப்பது நாகபந்தம். பாம்புகளின் உடல்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிற்கும் ஓர் எழுத்து இருவழிக்கும் பொதுவாகும். முரசில் இழுத்துக் கட்டிய வார்களைப் போல எழுத்துகள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்வது முரசபந்தம்.

இவற்றுள் எளிதில் விளங்கக்கூடியது எழுகூற்றிருக்கை. ஒன்று முதல் ஏழு வரையிலான எண்களைக் குறிக்கும் சொற்கள் படிப்படியாக ஏறி இறங்குமாறு பாடப்படுவது இது. திருஞானசம்பந்தர் சீர்காழியைப் போற்றியும், திருமங்கையாழ்வார் குடந்தைப் பெருமாளைப் போற்றியும் திருவெழுகூற்றிருக்கை பாடியுள்ளனர். அதன் எண் வரிசையின் தொடக்கத்தை மட்டும் எழுதிப் பார்ப்போம்:

1
1 2 1
1 2 3 2 1
1 2 3 4 3 2 1

இவ்வரிகளைத் தாளின் நடுவில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால், மேலே குறுகிக் கீழே விரியும் தேரின் தட்டுகள் தோன்றும். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் அசைந்து வரும் தேரைக் கண்டவர்க்கு இவ்வமைப்பு உடனே புலப்படும். இங்குத் தேரின் படம் தனியே வரையப்படவில்லை. சொற்கள் அமர்ந்த முறையே தேராயிற்று.

மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870இல் பிறந்தவர் பரிதிமாற்கலைஞர். தமிழைச் செம்மொழி என நிறுவ முற்பட்ட அவர், 'சித்திரக்கவி விளக்கம்' என்னும் நூலையும் எழுதினார். பாட்டை மட்டும் படித்தால் விளங்காத இவ்வடிவங்களுக்கு விளக்க நூல் தேவைப்பட்டது என்பதும் நாம் கருதத்தக்கது. வடிவம் அரிதாகும்போது, படிப்பவருக்கு வழிகாட்டியும் வேண்டியதாகிறது.

தமிழ் எழுத்தின் அலகு

சித்திரக்கவி நமக்கு மற்றோர் அடிப்படையையும் கற்பிக்கிறது. 'விகடகவி' என்னும் சொல்லை இறுதியிலிருந்து படித்தாலும் அச்சொல்லே வரும். வி, க, ட, க, வி என ஐந்து எழுத்துகளாகக் கொண்டால்தான் இது பொருந்தும். 'வி' என்பதை வகரமாகவும் மேல்விலங்காகவும் பிரித்துத் திருப்பினால் சொல் சிதைந்துவிடும். மாலைமாற்றுப் பாடிய புலவர்கள் உயிர்மெய்யைப் பிரிக்க இயலாத ஓர் அலகாகவே கொண்டனர்.

இன்றைய கணினி, ஒருங்குறி முறையில் 'வி' என்பதனை வகரம், இகரக்குறி என இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கிறது. 'கொ' என்னும் எழுத்தோ கண்ணுக்கு மூன்று உறுப்புகளாகத் தெரிகிறது: இடப்புறம் கொம்பு, நடுவில் ககரம், வலப்புறம் கால். தமிழின் இயல்பை அறியாத மென்பொருளில் எழுத்திடைவெளியைக் கூட்டினால் கொம்பு ஒருபுறமும் ககரம் மறுபுறமுமாகப் பிரிந்து நிற்கும். பலகைகளிலும் அழைப்பிதழ்களிலும் இத்தகைய பிழைகளை நாம் கண்டிருப்போம். எழுத்தை நீட்டலாம், சாய்க்கலாம், பெருக்கலாம். ஆனால், உயிர்மெய்யின் உறுப்புகளை ஒன்றைவிட்டு ஒன்றை அகற்றலாகாது. தமிழில் வடிவமைக்கப் புகுவோர் முதலில் கொள்ள வேண்டிய விதி இதுவே.

பொருள்கள் வகுத்த வடிவம்

எழுத்தின் வடிவத்தை எழுதுபவரின் கை மட்டும் தீர்மானிப்பதில்லை. எழுதப்படும் பொருளும் தீர்மானிக்கிறது. மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குன்றின் குகைத்தளங்களில் கி.மு. காலத்துத் தமிழி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. பாறையில் உளியால் வெட்டிய அவ்வெழுத்துகளில் நேர்கோடுகள் மிகுதி. ஆனைமலையின் நரசிங்கர் குடைவரையில் உள்ள கி.பி. 770ஆம் ஆண்டுக் கல்வெட்டிலோ வளைகோடுகள் மிகுந்த வட்டெழுத்தைக் காண்கிறோம்.

ஓலையின் இயல்பு வேறு. எழுத்தாணியால் அழுத்தி நேர்கோடு இழுத்தால் ஓலை நார்வாக்கில் கிழியக்கூடும். புள்ளி குத்தினால் துளை விழக்கூடும். ஆதலால், சுவடி எழுதியோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் கூறிய வழக்கு. அப்புள்ளி விடுபட்டபோது குறிலும் நெடிலும் ஒரே வடிவம் பெற்றன. 'எரி' என்னும் சொல்லும் 'ஏரி' என்னும் சொல்லும் ஏட்டில் ஒன்றுபோல் நின்றன. நெருப்பா, நீர்நிலையா என்பதை இடம் நோக்கியே படிப்பவர் உணர வேண்டியிருந்தது. மதுரை மறைப்பணித் தளத்தைச் சார்ந்த வீரமாமுனிவர் (1680 – 1747) நெடிலுக்குத் தனிக் குறி வகுத்து இக்குழப்பத்தை நீக்கினார். ஒரு சிறு கோடு, தீயையும் நீரையும் வேறுபடுத்தியது.

அச்சுக்கலை வந்தபோது வேறு சிக்கல்கள் எழுந்தன. தமிழ் எழுத்துகளில் அச்சான முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. பின்னர், தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சகத்திற்கென ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை அளவில் பெரியவை. அவற்றால் ஒரு முழு நூலை அச்சிட்டால் தாள் மிகுதியாகச் செலவாகும். எனவே, உள்ளூரிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. அவற்றைக் கொண்டு 1715இல் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. எழுத்தின் அளவு அழகு பற்றியது மட்டுமன்று. தாள், செலவு, படிப்பவரின் கண் ஆகிய மூன்றையும் சார்ந்தது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

தெரிந்து தெளிவோம்

தந்தை பெரியார் 1935 முதல் 'குடிஅரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாண்டார். அவரது நூற்றாண்டையொட்டி 1978இல் தமிழ்நாடு அரசு அதனை ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய 13 எழுத்துகள் இன்றுள்ள வடிவத்தைப் பெற்றன. அதற்கு முன் அச்சான நூல்களில் இவற்றின் பழைய வடிவங்களைக் காணலாம்.

நாமே ஒன்றை அமைப்போம்

இனி, ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு வடிவமைத்துப் பார்ப்போம். மதுரைச் சமவெளியில் வாழ்வோர் ஆண்டுதோறும் காணும் காட்சி அது. "மழை பெய்தது, வைகை பெருகியது, கண்மாய் நிறைந்தது. வெயில் எரித்தது; கண்மாய் சுருங்கியது; வைகை வற்றியது; மணல் எஞ்சியது."

இதனை வடிவமைக்கச் சொன்னால், பெரும்பாலோர் முதலில் செய்வது அலங்காரமே. 'மழை'யின்மேல் துளிகள் வரைவர். 'வைகை'யை நீல நிறத்தில் அலைபோல் வளைப்பர். 'வெயி'லுக்குச் சிவப்புத் தீட்டுவர். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எழுத்துரு தேர்வர். முடிவில் எல்லாச் சொற்களும் உரக்கக் கூவும். எதுவும் காதில் விழாது.

எனவே, நிறத்தையும் படத்தையும் விலக்கி வைப்போம். எழுத்துரு ஒன்றே, அளவும் ஒன்றே. வரியின் நீளத்தை மட்டும் மாற்றுவோம்:

மழை
மழை பெய்தது
மழை பெய்தது, வைகை பெருகியது
மழை பெய்தது, வைகை பெருகியது, கண்மாய் நிறைந்தது
வெயில் எரித்தது, கண்மாய் சுருங்கியது, வைகை வற்றியது
வெயில் எரித்தது, கண்மாய் சுருங்கியது
வெயில் எரித்தது
மணல்

நீர் பெருகப் பெருக வரி நீள்கிறது. நீர் வற்ற வற்ற வரி குறுகுகிறது. எழுகூற்றிருக்கையின் ஏற்ற இறக்கமே இங்கு ஆற்றின் பெருக்கும் வற்றலுமாயிற்று. 'எஞ்சியது' என்னும் சொல்லைக்கூட நீக்கிவிட்டோம்; தனித்து நிற்கும் 'மணல்' அதனைச் சொல்லிவிடுகிறது. அதனைச் சுற்றியுள்ள வெற்றிடமும் இப்போது பொருள் தருகிறது.

அடுத்து, இன்னும் ஒரே ஒரு மாற்றம் செய்யலாம். நான்காம் வரிக்கும் ஐந்தாம் வரிக்கும் இடையே ஒரு வரி அளவு இடம் விட்டால், மழைக்காலத்திற்கும் கோடைக்கும் இடைப்பட்ட காலம் புலப்படும். அதற்குமேல் 'மணல்' என்பதை ம, ண, ல் என விலக்கி எழுத விரும்பலாம். சிறிதளவு விலக்கினால் சிதறல் தோன்றும்; மிகுதியாக விலக்கினால் மூன்று தனி எழுத்துகளாகிச் சொல் மறையும். அந்த எல்லையைக் கண்டறிய அளவுகோலைவிடக் கண்ணே உதவும்.

ஒரு மாற்றத்திற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பதே இப்பயிற்சி தரும் பாடம். "இவ்வெழுத்தை ஏன் பெரிதாக்கினாய்?" என்று கேட்டால், "அழகுக்காக" என்பது போதிய விடையன்று. "இதனை முதலில் படிக்க வேண்டும் என்பதற்காக" என்பது தகுந்த விடை.

படிப்பவரே தேர்வாளர்

வடிவமைத்து முடித்ததும் அத்தாளை அதுபற்றி அறியாத ஒருவரிடம் தந்து வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். அவர் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அங்குக் குறை படிப்பவரிடம் இல்லை. நம் அமைப்பில் உள்ளது. நண்பரைவிட, கண்ணாடி அணிந்த பாட்டியிடமோ, அண்மையில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற தம்பியிடமோ காட்டுவது சிறந்தது.

கவிதைத் தாளில் நேரும் குழப்பம் சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும். அதே குழப்பம் மருந்துக் குப்பியின் சீட்டிலோ, இரவில் விரையும் பேருந்தின் பலகையிலோ நேர்ந்தால் விளைவு பெரிதாகும். கொம்பின் சுழி தெளிவாக இல்லாத எழுத்துருவில் 'மெ'யும் 'மே'யும் தொலைவிலிருந்து ஒன்றாகவே தெரியும். ஏட்டுச் சுவடியில் வீரமாமுனிவர் தீர்த்த சிக்கல், கவனமற்ற ஒரு வடிவமைப்பால் மீண்டும் தோன்றிவிடுகிறது.

பாறை, ஓலை, ஈயம், திரை எனத் தமிழ் எழுத்து அமர்ந்த இடங்கள் பல. ஒவ்வோர் இடமும் அதன் வடிவை மாற்றியது. படிப்பவருக்கு விளங்க வேண்டும் என்னும் நோக்கம் மட்டும் மாறவில்லை. இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசியில் எழுத்துருவைத் தேர்ந்து, அளவை மாற்றி, அறிவிப்பையோ அழைப்பிதழையோ சில நொடிகளில் உருவாக்க முடிகிறது. அச்சுக்கோப்பாளர் ஒருவர் பல ஆண்டுகள் பயின்று செய்த பணி நம் அனைவருக்கும் உரியதாகிவிட்டது. அவர் கொண்டிருந்த பொறுப்பும் நமக்கு உரியதே.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தம், கடைத்தெரு ஆகியவற்றில் காணும் ஐந்து பலகைகளை உற்றுநோக்குக. தொலைவிலிருந்து எளிதில் படிக்க இயன்றவை எவை? காரணங்களைத் தொகுத்து வகுப்பில் பகிர்க.

2. உங்கள் ஊரின் திருவிழா, அறுவடை, சந்தை ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றி ஆறு வரிகள் எழுதுக. ஒரே எழுத்துரு, ஒரே அளவு கொண்டு, வரி நீளத்தாலும் இடைவெளியாலும் மட்டும் அதன் உணர்வைக் காட்டுக.

3. 1978க்கு முன் அச்சான நூல் ஒன்றை நூலகத்திலோ வீட்டிலோ கண்டறிந்து, இன்றைய வடிவத்தினின்று வேறுபடும் எழுத்துகளைப் பட்டியலிடுக.