ஏரிக்கரையில் ஓய்வுக்கால வீடு: முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றதும் கார், கைபேசி, டயர் தொழிற்சாலைகள்தான் நினைவுக்கு வரும். இப்போது அந்தச் சாலைகளில் மூத்த குடிமக்கள் குடியிருப்புகளின் விளம்பரப் பலகைகளும் நிற்கின்றன. மருத்துவர், சாப்பாட்டுக் கூடம், நடைபாதை, கோவில் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும் என்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பெற்றோருக்கு இது உண்மையான தேவை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘ஏரியைப் பார்த்த வீடு’ என்ற வாசகத்தைக் கண்டால், வாங்குபவர் மனதில் முதலில் ஒரு கேள்வி எழ வேண்டும். அந்த ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

‘எல்லா அப்ரூவலும் வாங்கியாச்சு சார்’ என்ற பதிலோடு பலரும் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அனுமதி கிடைத்த நிலம் வேறு, பாதுகாப்பான நிலம் வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

தண்ணீர் நடந்த நிலம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத்துறையின் பொறுப்பில் மட்டும் 381 ஏரிகள் உள்ளன. அவை தனித்தனிக் குளங்கள் அல்ல. ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அந்த உபரிநீர் கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. மணிமங்கலம், படப்பை, சோமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் தண்ணீர் அடையாற்றில் சேர்கிறது. தொழிற்பேட்டை, சாலை, மனைப்பிரிவு எல்லாம் இந்தச் சங்கிலியின் கண்ணிகளுக்கு இடையில்தான் எழுந்திருக்கின்றன.

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த உபரிநீர் அடையாற்றில் கலக்கும் இடத்துக்கு மேலேயே உள்ள வரதராஜபுரமும் முடிச்சூரும் மூழ்கியதற்குச் செம்பரம்பாக்கம் காரணமல்ல. மணிமங்கலம், ஆதனூர் பக்கமிருந்து வந்த ஏரித் தண்ணீரே அங்கே வீடுகளுக்குள் புகுந்தது. அதன் பிறகும் கனமழை ஆண்டுகளில் வரதராஜபுரத்துக்குப் படகு போக வேண்டியிருக்கிறது. அங்கே வீடு வாங்கியவர்களில் பலர் பட்டா பார்த்து, வங்கிக் கடன் எடுத்து, முறைப்படி பத்திரம் பதிந்தவர்கள்தான்.

முதியவர்களுக்கு ஆபத்து ஏன் அதிகம்?

இளைஞர் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வெளியேறிவிடலாம். மூட்டு வலிக்காரர், சக்கர நாற்காலியில் இருப்பவர், ஆக்சிஜன் கருவியை நம்பியிருப்பவர் என்ன செய்வார்? 2015 வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய மணப்பாக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குள் நீர் புகுந்தது. மின்சாரமும் ஜெனரேட்டரும் செயலிழந்த அந்த நாட்களில் அங்கே 18 நோயாளிகள் உயிரிழந்தனர்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மலைக்காட்டை ஒட்டிய பேரடைஸ் என்ற ஊரில் ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் குடியேறியிருந்தார்கள். 2018 நவம்பர் 8 அன்று காட்டுத்தீ அந்த ஊரைச் சூழ்ந்தபோது, வெளியேறும் சில சாலைகளும் வாகனங்களால் அடைத்துக்கொண்டன. இறந்த 85 பேரில் பெரும்பாலோர் முதியவர்கள். அங்கே தீ, இங்கே வெள்ளம். ஆனால் திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இரண்டு ஊருக்கும் பொது. நடக்க முடியாதவரை எந்த வழியாக, யார், எத்தனை மணி நேரத்தில் வெளியே கொண்டுவருவார்கள்?

சுற்றுச்சூழல் அனுமதி எதைப் பார்க்கிறது?

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2006 செப்டம்பர் 14 அன்று சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வெளியானது. அதன்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்பு உள்ள திட்டங்களுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் முன் அனுமதி தேவை. ஏறக்குறைய 2,15,000 சதுர அடி என்று வைத்துக்கொள்ளலாம். கட்டுமானப் பரப்பு 1,50,000 சதுர மீட்டரை எட்டினாலோ நிலம் 50 ஹெக்டேரை எட்டினாலோ அது ‘நகரிய’ வகையில் வரும். ஆய்வு இன்னும் விரிவாக நடக்கும்.

இந்த ஏற்பாட்டில் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஓட்டைகள் மூன்று. ஒன்று, வரம்புக்குக் கீழே உள்ள வில்லா திட்டமும் சிறு அடுக்குமாடியும் இந்த ஆய்வுக்கே வருவதில்லை. இரண்டு, ஒரே வளாகத்தை ‘ஃபேஸ் 1, ஃபேஸ் 2’ என்று பிரித்து, ஒவ்வொன்றையும் வரம்புக்குள் காட்டிவிட முடியும். மூன்றாவதுதான் முக்கியமானது: ஒரு தொழிற்சாலை வந்தால் ஊரில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தும் நிலை உண்டு, ஆனால் குடியிருப்புத் திட்டங்களுக்கு அந்த அறிவிக்கையே கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. எந்த மழைக்கு எந்த வயலில் தண்ணீர் நிற்கும் என்று அறிந்த ஊர்ப் பெரியவரிடம் யாரும் கேட்பதில்லை. எனவே அந்தக் கேள்வியை வாங்குபவரே போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

அனுமதி பெற்ற திட்டம் பின்னால் சிக்கலில் மாட்டுவதும் உண்டு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022இல், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அந்தப் பகுதியிலும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும், எல்லை ஆய்வு முடியும்வரை புதிய கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. அடுத்த மாதமே, அந்தச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்தில் ஏற்கெனவே அனுமதி பெற்றிருந்த ஓர் அடுக்குமாடித் திட்டத்துக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இத்தகைய வழக்குகளில் நடுவில் நிற்பவர் முன்பணம் கட்டியவர்.

இதைவிடக் கொடிய எச்சரிக்கை மௌலிவாக்கம். போரூர் ஏரிக்கு அருகே கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் 2014 ஜூன் 28 அன்று இடிந்து 61 பேர் இறந்தார்கள். அதுவும் திட்ட அனுமதி பெற்ற கட்டடம்தான்.

தொழிற்பேட்டை பக்கத்தில் இருந்தால்

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம்-வடகால், மாம்பாக்கம், பிள்ளைப்பாக்கம் என சிப்காட் பூங்காக்கள் நிறைந்த பகுதி இது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்சாலைகளைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை போன்ற நிறங்களால் வகைப்படுத்துகிறது. அருகில் சிவப்பு வகை ஆலை உள்ளதா, அபாயகரமான ரசாயனத்தைப் பெருமளவில் சேமிக்கும் ஆலை உள்ளதா என்று கேளுங்கள். பேரபாய ஆலைகள் உள்ள மாவட்டத்துக்கு ஆலைக்கு வெளியே பின்பற்ற வேண்டிய அவசரகாலத் திட்டம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் திட்டத்தில் உங்கள் குடியிருப்பு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் சந்திப்பைக் கடந்து ஓர் ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரத்தில் போகும் என்பதை நீங்களே ஒருமுறை காரில் போய்ப் பாருங்கள்.

முன்பணத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

1. கிராமத்தின் அ-பதிவேடு. திட்டத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் அந்த இடத்தைவிட்டு விலகிவிடுங்கள். நீர்நிலையிலும் பொது நிலத்திலும் எவ்வளவு செலவழித்துக் கட்டியிருந்தாலும் ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்பே என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

2. புல வரைபடம். உங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்த்தால் போதாது; நான்கு பக்கத்து எண்களையும் எடுங்கள். வரைபடத்தில் இரட்டைக் கோடாக ஒரு வாய்க்கால் வந்து வளாகச் சுவரில் முடிகிறது, சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடி தொடங்குகிறது என்றால், நடுவில் இருந்த வாய்க்காலை எங்கே மாற்றினார்கள், யார் அனுமதித்தார்கள் என்று கேளுங்கள். வாய்மொழிப் பதில் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

3. நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று. வெள்ளம் சூழும் வாய்ப்பைப் பார்த்து, நிலத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும், வாய்க்காலுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான் இந்தச் சான்று வழங்கப்படும். கடைசிப் பக்கத்தில் இருக்கும் அந்த நிபந்தனைகளைப் படியுங்கள்.

4. சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம். மத்திய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் விண்ணப்பம், கூட்டக் குறிப்பு, அனுமதிக் கடிதம் எல்லாம் கிடைக்கும். அனுமதி கிடைத்த செய்தியை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரப்படுத்த வேண்டும். நிபந்தனைகள் நிறைவேறியது பற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையையும் கேட்டு வாங்கலாம்.

5. ரெரா பதிவு. நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ வீடுகள் எட்டைத் தாண்டினாலோ தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம். பதிவுக்கு முன் விளம்பரம் செய்வதே தவறு. பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

6. நீங்கள் வாங்குவது எது? கிரயமா, நீண்டகாலக் குத்தகையா, திருப்பித் தரும் டெபாசிட்டா? வாடகைக்கு இருப்பவருக்கு ரெராவின் பாதுகாப்பு கிடைக்காது. முதியோர் குடியிருப்புகளுக்கான மாதிரி வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் வெளியிட்டது. கட்டுநர், வாங்குபவர், சேவை தருபவர் ஆகிய மூவருக்கும் இடையே ஒப்பந்தம் தேவை என்கிறது அது. வழிகாட்டுதல் தானாகச் சட்டமாகிவிடாது. அதில் உள்ளதை உங்கள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதே பாதுகாப்பு.

ஆவணங்களை முடித்துவிட்டு, நல்ல மழை பெய்த மறுநாள் இடத்துக்கு நேரில் போங்கள். ஜெனரேட்டரும் மின் பேனலும் தரைக்குக் கீழே இருக்கின்றனவா? லிஃப்ட் நின்றால் படுக்கை நோயாளியை இறக்க சாய்தளம் உண்டா? வளாகத்துக்கு இரண்டாவது வழி உண்டா, அது முதல் வழி மூழ்கும்போது மூழ்காததா? பக்கத்து வீட்டுச் சுவரில் 2015இன் நீர்த்தடம் எந்த உயரத்தில் இருக்கிறது? எதிர் டீக்கடையில் கேட்டாலே பாதி விடை கிடைக்கும்.

ஏமாற்றப்பட்டால் என்ன வழி?

விளம்பரக் கையேட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதில் உள்ள பொய்யான தகவலை நம்பிப் பணம் கட்டி நட்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். விலகிக்கொள்ள விரும்பினால் முழுத் தொகையையும் வட்டியுடன் திரும்பப் பெறலாம் என்கிறது ரெரா சட்டத்தின் 12ஆம் பிரிவு. உரிய காலத்தில் வீடு தராவிட்டால் 18ஆம் பிரிவின்படி வட்டியுடன் பணத்தைக் கேட்கலாம். நிலத்தின் உரிமையிலேயே குறை இருந்து அதனால் இழப்பு ஏற்பட்டால், காலவரம்பு கடந்தது என்று சொல்லி அந்த இழப்பீட்டு உரிமையைத் தட்டிக்கழிக்க முடியாது. வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையைக் கட்டுநர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.

சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. ரெரா சட்டம் வந்துவிட்டதால் அந்த வழி மூடப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. அங்கே 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

சுற்றுச்சூழல் அனுமதியே தவறு என்றால், தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 16ஆம் பிரிவின் கீழ் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் நீட்டிக்கலாம். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. வாய்க்கால் அடைப்பு போன்ற சுற்றுச்சூழல் தகராறுக்கு 14ஆம் பிரிவின்படி 6 மாதம் அவகாசம். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. புகாரை எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஆவணம் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

ஊர் மக்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தின் நகல் ஊராட்சிக்கும் வர வேண்டும், அதை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது விதி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கும் கிராம சபையில் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். எந்த வாய்க்கால் அடைபட்டது என்று தீர்மானத்தில் எழுத வையுங்கள். பின்னால் தீர்ப்பாயத்துக்குப் போனால் அந்தத் தீர்மானம் சான்றாக நிற்கும்.

முதியவர்கள் உதவிக்கு 14567 என்ற இலவச எண்ணும், மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணும் உள்ளன. இரண்டையும் கைபேசியில் பதிந்து வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்கு வீடு வாங்கித் தரும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். மாதிரி வீட்டின் வீடியோவைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். அ-பதிவேடு, புல வரைபடம், நீர்வளத்துறைச் சான்று, ரெரா பதிவு, அவசரகால வெளியேற்றத் திட்டம் ஆகிய ஐந்தையும் கேளுங்கள். ஐந்தையும் ஒரு வாரத்துக்குள் கையில் தர முடியாதவரிடம் உங்கள் அப்பா அம்மாவின் முதுமையை ஒப்படைக்காதீர்கள்.