தேவதானப்பட்டிக்கு ஓட்டு இல்லை... ஆனால், ட்ரம்ப் வரி உண்டு!

அமெரிக்க அதிபர் தேர்தலுக்கும் தேனி மாவட்டம் தேவதானப்பட்டிக்கும் என்ன சம்பந்தம்? கொடைக்கானல் மலையடிவாரம், மஞ்சளாறு அணை, மாந்தோப்புகள், மூடிய கதவுக்கே பூஜை நடக்கும் மூங்கிலணை காமாட்சியம்மன் கோயில்... இவைதான் இந்த ஊரின் அடையாளம். வாஷிங்டனில் யார் உட்கார வேண்டும் என்று முடிவு செய்ய இங்கே ஒருவருக்கும் ஓட்டு கிடையாது.

ஆனால், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, மாதம் பிறந்தால் அவர்கள் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்கள் தேனி மாவட்டத்தில் நிறைய உண்டு. அந்த வீடுகளுக்கு, 'ட்ரம்ப் வரி' என்பது டி.வி விவாதத் தலைப்பு மட்டும் அல்ல. 'இந்த மாசம் ஓவர்டைம் உண்டா, இல்லையா?' என்பதோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

2024 நவம்பர் 5-ம் தேதி நடந்தது அந்தத் தேர்தல். கமலா ஹாரிஸின் 226 தேர்வாளர் வாக்குகளுக்கு எதிராக 312 வாக்குகள் பெற்று இரண்டாவது முறையாக அதிபரானார் டொனால்டு ட்ரம்ப். அமெரிக்காவையே இரண்டாகப் பிரித்த ஒரு வேட்பாளரை, ஓட்டுப் போடாத உலகம் எப்படிப் பார்த்தது? இப்போது எப்படிப் பார்க்கிறது?

கமலாவுக்கு அர்ச்சனை... ட்ரம்ப்புக்கு யாகம்!

தமிழ்நாட்டில் இந்தத் தேர்தலுக்கு ஒரு சொந்தக்கார ஊர் இருந்தது. திருவாரூர் மாவட்டம் மன்னார்குடி அருகே உள்ள துளசேந்திரபுரம். கமலா ஹாரிஸின் தாத்தா பி.வி.கோபாலனின் பூர்வீக ஊர். 2020-ல் கமலா துணை அதிபராகத் தேர்வானபோது அங்கே வெடி வெடித்து, கோலம் போட்டுக் கொண்டாடினார்கள். 2024-லும் கோயிலில் அர்ச்சனை நடந்தது. இந்த முறை கொண்டாட்டத்துக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை.

மறுபக்கமும் இந்தியாவில் உண்டு. 2016-லேயே டெல்லி ஜந்தர் மந்தரில் 'இந்து சேனா' அமைப்பினர் ட்ரம்ப் ஜெயிக்க வேண்டும் என்று யாகம் நடத்தினார்கள். தெலங்கானாவில் ஓர் இளைஞர் தன் வீட்டில் ட்ரம்ப்புக்குச் சிலையே வைத்து பூஜை செய்தார். 2019-ல் ஹூஸ்டன் 'ஹௌடி மோடி', 2020 பிப்ரவரியில் அகமதாபாத் 'நமஸ்தே ட்ரம்ப்' என்று இரு தலைவர்களும் கைகோத்து மேடை ஏறியதும் நினைவிருக்கும்.

உலகின் மற்ற பகுதிகளில் நிலைமை வேறு. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2017-ல் 37 நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பில், ஒபாமாவின் கடைசிக் காலத்தில் 64 சதவிகிதமாக இருந்த நம்பிக்கை, ட்ரம்ப் வந்ததும் 22 சதவிகிதமாகச் சரிந்திருந்தது. 2025-ன் தொடக்க மாதங்களில் 24 நாடுகளில் கேட்டபோது, ட்ரம்ப் மீது நம்பிக்கை இருப்பதாகச் சொன்னவர்களின் நடுமட்ட அளவு 34 சதவிகிதம். பாதிக்கும் மேற்பட்டோர் நம்பிக்கை தெரிவித்தவை சில நாடுகள்தான். ஹங்கேரி, இஸ்ரேல், கென்யா, நைஜீரியாவோடு இந்தியாவும் அந்தப் பட்டியலில் இருந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்பு ஏப்ரலோடு முடிந்துவிட்டது. இந்தியாவுக்கு அடி விழுந்தது ஆகஸ்ட்டில்!

25 + 25 = 50

2025 ஜூலை 30-ம் தேதி, இந்தியப் பொருள்களுக்கு 25 சதவிகிதம் வரி என்று அறிவித்தார் ட்ரம்ப். அது ஆகஸ்ட் 7-ல் அமலுக்கு வந்தது. ரஷ்யாவிடமிருந்து கச்சா எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக இன்னொரு 25 சதவிகிதம் ஆகஸ்ட் 27-ல் சேர்ந்தது. மொத்தம் 50 சதவிகிதம். அப்போது பிரேசிலுக்கும் நமக்கும்தான் இவ்வளவு அதிகமாக இருந்தது.

இந்த வரியைக் கட்டுவது யார்? பலரும் நினைப்பதுபோல திருப்பூர் முதலாளி அல்ல. அங்கே சரக்கை இறக்குமதி செய்யும் அமெரிக்க நிறுவனம்தான் கட்ட வேண்டும். அப்புறம் நமக்கென்ன கவலை?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே உள்ள வழக்கமான சுங்கவரியை விட்டுவிடுவோம். திருப்பூரில் 500 ரூபாய்க்குக் கப்பலேறும் ஒரு டி-ஷர்ட், 50 சதவிகித வரியோடு அமெரிக்காவில் 750 ரூபாய் ஆகிவிடும். அதே 500 ரூபாய் டி-ஷர்ட் வங்கதேசத்திலிருந்தோ, வியட்நாமிலிருந்தோ, இலங்கையிலிருந்தோ போனால், அவற்றுக்கான வரி அப்போது 20 சதவிகிதம்தான் என்பதால் 600 ரூபாயோடு முடிந்துவிடும். வாங்குபவர் எங்கே போவார்? ஒன்று, ஆர்டர் கொழும்புக்கோ டாக்காவுக்கோ போகும். அல்லது, 'விலையைக் குறைத்துக் கொடுங்கள்' என்று திருப்பூரைக் கேட்பார்கள். இரண்டிலும் கடைசியில் கை வைக்கப்படுவது தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவரின் சம்பளத்தில்தான்.

தமிழ்நாட்டுக்கு இந்த அடி கூடுதலாக விழும் என்பதற்கும் காரணம் உண்டு. பிரதமருக்கு முதல்வர் மு.க.ஸ்டாலின் 2025 ஆகஸ்ட்டில் எழுதிய கடிதத்தில் உள்ள கணக்கின்படி, 2024-25-ல் இந்தியாவின் மொத்த சரக்கு ஏற்றுமதியில் அமெரிக்காவுக்குப் போனது 20 சதவிகிதம். தமிழ்நாட்டின் ஏற்றுமதியிலோ 31 சதவிகிதம். ஜவுளித் துறையை நம்பி சுமார் 75 லட்சம் பேர் இருக்கிறார்கள் என்றும், 30 லட்சம் வேலைகள் ஆபத்தில் இருக்கின்றன என்றும் அந்தக் கடிதம் எச்சரித்தது.

ஏலக்காய் தப்பித்தது எப்படி?

தேவதானப்பட்டியிலிருந்து பெரியகுளம், தேனி வழியாகப் போனால் போடிநாயக்கனூர். மலையில் விளையும் ஏலக்காய் ஏலத்துக்கு வரும் ஊர். நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இங்கே இருக்கிறது. ட்ரம்ப் வரியால் பனியனுக்கு வந்த பதற்றம் ஏலக்காய்க்கு வரவில்லை. ஏன்?

நம் ஏலக்காய்க்கு வெளிநாட்டில் பெரிய வாடிக்கையாளர் வளைகுடா நாடுகள். சவுதியிலும் அமீரகத்திலும் விருந்தாளிக்குக் கொடுக்கும் காபியில் ஏலக்காய் இல்லாமல் இருக்காது. அதைவிடப் பெரிய வாடிக்கையாளர் நம் நாட்டுச் சமையலறைகளே. போடி வியாபாரிக்கு வாஷிங்டனைவிட குவாதமாலாதான் முக்கியம். ஏனென்றால், ஏலக்காயில் நம்மோடு போட்டி போடும் நாடு அது. அங்கே விளைச்சல் குறைந்தால் இங்கே விலை ஏறும்.

2025 நவம்பர் 14-ம் தேதி, காபி, தேயிலை, வாழைப்பழம், நறுமணப் பொருள்கள் உள்ளிட்ட பல உணவுப் பொருள்களுக்குத் தான் போட்ட பரஸ்பர வரியிலிருந்து ட்ரம்ப்பே விலக்கு கொடுத்தார். நம் மீது வந்த பாசம் இல்லை. அமெரிக்க வீடுகளில் மளிகை பில் ஏறியதுதான் காரணம். அவர்கள் நாட்டில் விளையாத பொருளுக்கு வரி போட்டால், அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் முதலில் கேள்வி கேட்பார்கள்.

ஒரே வாடிக்கையாளரை நம்பிய தொழில் திணறியது. பல வாடிக்கையாளர்களை வைத்திருந்த தொழில் தப்பித்தது. நாடுகளின் கதையும் இதுதான்.

கூட்டாளிகளைத் தேடும் நாடுகள்

'அமெரிக்காவின் 51-வது மாநிலம்' என்று ட்ரம்ப் சீண்டிய கனடாவில், தோற்றுவிடும் என்று நினைத்த லிபரல் கட்சி, மார்க் கார்னி தலைமையில் ஏப்ரல் 28-ம் தேதி ஜெயித்தது. அதே வாரத்தில் ஆஸ்திரேலியாவில், ட்ரம்ப்போடு ஒப்பிட்டுப் பேசப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டன் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். ட்ரம்ப் ஆதரவு ஓட்டு வாங்கித் தரும் என்ற கணக்கு அங்கே எடுபடவில்லை.

பாகிஸ்தானோ நேர் எதிர். மே மாதம் இந்தியாவோடு நடந்த மோதலை நிறுத்தியவர் ட்ரம்ப்தான் என்று சொல்லி, அவரை அமைதிக்கான நோபல் பரிசுக்கே பரிந்துரைத்தது. 'மூன்றாம் நாட்டின் மத்தியஸ்தம் எதுவும் இல்லை' என்று இந்தியா மறுத்தது.

சீனா திருப்பி அடித்தது. 145 சதவிகிதம் வரை வரி ஏறியபோது, தானும் 125 சதவிகிதம் போட்டது. கூடவே செல்போன் முதல் போர் விமானம் வரை தேவைப்படும் அரிய மண் தாதுக்களின் ஏற்றுமதியை இறுக்கியது. அக்டோபர் 30-ல் தென்கொரியாவின் பூசானில் ட்ரம்ப்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்து சமாதானமானார்கள். எதிராளிக்குத் தவிர்க்க முடியாத பொருள் கையில் இருந்தால் பேச்சு மாறும் என்பதை உலகம் பார்த்தது.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. ஜூலை 24-ல் பிரிட்டனோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆகஸ்ட் கடைசியில், ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு சீனா போன பிரதமர் மோடி, தியான்ஜின் மாநாட்டில் ஷி ஜின்பிங்கையும் புதினையும் சந்தித்தார். அக்டோபரில் இந்தியா - சீனா நேரடி விமானங்கள் மீண்டும் பறந்தன. உலக அதிகாரம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒரே நாளில் மாறிவிடாது. ஆளாளுக்கு இரண்டாவது கடை, மூன்றாவது கடை தேடுவதில்தான் அது மெதுவாக நகர்கிறது.

ஒரே வீட்டில் இரண்டு கணக்கு

'அப்படியானால் அமெரிக்காவோடு சீக்கிரம் ஒப்பந்தம் போட்டு வரியைக் குறைத்துவிடலாமே?' என்று கேட்கலாம். 2025-ல் திருப்பூர் கேட்டதும் அதைத்தான். ஆனால், அமெரிக்கா சும்மா குறைக்காது. தங்கள் சோளம், சோயா, பால் பொருள்களுக்கு இந்தியச் சந்தையைத் திறக்கச் சொன்னது. ஆகஸ்ட் 7-ம் தேதி டெல்லியில் நடந்த எம்.எஸ்.சுவாமிநாதன் நூற்றாண்டு மாநாட்டில், 'விவசாயிகள், கால்நடை வளர்ப்போர், மீனவர்கள் நலனில் சமரசம் இல்லை' என்று பிரதமர் மோடி அறிவித்தது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் தேவதானப்பட்டி மறுபடியும் கணக்கில் வருகிறது. மகன் திருப்பூரில் தைக்கிறான். அம்மா ஊரில் இரண்டு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். அப்பா மக்காச்சோளம் போட்டிருக்கிறார். இப்படிப்பட்ட குடும்பம் நம் கிராமங்களில் அபூர்வம் இல்லை. வரி குறைந்தால் மகனுக்கு ஓவர்டைம் திரும்ப வரும். அதற்கு விலையாக வெளிநாட்டுப் பால் பவுடரும் சோளமும் மலிவாக இறங்கினால், அம்மாவின் பால் காசும் அப்பாவின் சோள விலையும் அடிவாங்கும். வீட்டில் இன்ஜினீயரிங் படிக்கும் தங்கை இருந்தால் அவளுக்குத் தனிக் கணக்கு. புதிதாக ஹெச்-1பி விசா கேட்கும் நிறுவனங்கள் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்ற 2025 செப்டம்பர் உத்தரவு அவளுடைய அமெரிக்கக் கனவைத் தள்ளிப்போட்டது.

ஆகவே, 'ட்ரம்ப் நல்லவரா, கெட்டவரா?' என்று அடித்துக்கொள்வதைவிட, இனி வரும் இந்திய - அமெரிக்க ஒப்பந்தச் செய்திகளில் இரண்டு விஷயங்களைத் தேடிப் படியுங்கள். பனியனுக்கு எவ்வளவு குறைந்தது? பாலுக்கும் சோளத்துக்கும் எவ்வளவு திறந்தார்கள்? வாஷிங்டனில் நமக்கு ஓட்டு இல்லைதான். ஆனால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் டெல்லி அரசுக்கு நாம்தான் ஓட்டுப் போடுகிறோம்.