பணிக்குடியிருப்பும் பல்கலைக்கழக ஆசிரியரும்: கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு விளக்கம்

பணியோடு இணைந்த வீடு கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்க்குப் புதிதன்று. கிள்ளான் வட்டாரத் தோட்ட லயங்களிலும் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும் நம் முன்னோர் பலர் வாழ்ந்தனர். இரண்டிற்கும் பொதுவிதி ஒன்றே: வேலை உள்ளவரை வீடு. தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறியபோது அவ்விதியின் கடுமையை நம் சமூகம் உணர்ந்தது. பல்கலைக்கழக ஆசிரியர் குடியிருப்பும் இவ்விதிக்கு உட்பட்டதே. அதன் நிருவாகச் சிக்கல்களை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1956இல் சிங்கப்பூரில் தோன்றிய இந்திய ஆய்வியல் துறை, பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர் வளாகத்திற்கு இடம்பெயர்ந்தது. கோலாலம்பூருக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் இடையே அமைந்த அவ்வளாகத்தைச் சுற்றி நிலமதிப்பு பெரிதும் உயர்ந்துள்ளது. அண்மையிலுள்ள பிரிக்பீல்ட்சில், பழைய இரயில்வே நிலத்தின் 72 ஏக்கரில் கேஎல் சென்ட்ரல் உருவானது. நிலையம் 2001இல் திறக்கப்பட்டது. இத்தகைய சூழலில் இளம் விரிவுரையாளர் ஒருவர் தம் ஊதியத்தைக் கொண்டு வளாகத்திற்கு அருகில் தரைவீடு வாங்குதல் அரிது.

குடியிருப்பு நிருவாகம் ஒதுக்கீடு, பராமரிப்பு, மீட்பு என மூவகைப்படும். பதவி மூப்பின்படி ஒதுக்கினால், தேவை மிகுந்த இளையோர் காத்திருக்க நேரும். வாடகை குறைந்தால் பழுதுபார்க்கும் செலவைப் பல்கலைக்கழகமே ஏற்க வேண்டும். மூன்றாவதாகிய மீட்பே கடினமானது. முப்பது ஆண்டுகள் பணிவீட்டில் வாழ்ந்தவர் ஓய்வுபெறும் நாளில் ஊதியத்தோடு வீட்டையும் இழக்கிறார். அவர் காலிசெய்யத் தயங்கினால் வரிசையில் நிற்போர்க்கு வழியில்லை.

மாற்றுவழி வீட்டுக் கடன் ஆகும். ஆசிரியர் உள்ளிட்ட அரசு ஊழியர்க்குக் கடனளிக்கும் பொதுத்துறை வீட்டுக் கடன் வாரியம் 2016 முதல் இயங்கி வருகிறது. கடன் வழி வீடு உரிமையாகும். எனினும் விலை தாங்கக்கூடிய வீடு பெரும்பாலும் தொலைவிலேயே கிடைக்கும். மாலையில் மாணவரைச் சந்திக்கும் நேரத்தைச் சாலை நெரிசல் விழுங்கிவிடும்.

மூன்றாம் வழியும் உண்டு. நிலத்தை விற்கக் கூடாதென்பது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நிறுவனரின் கட்டளை. ஆதலின் அங்கு நிலம் குத்தகைக்கு விடப்படுகிறது. வீடு ஆசிரியர்க்கு உரிமையாகிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகமும் 1983இல் இலாப நோக்கற்ற தனி நிறுவனம் அமைத்து இம்முறையைப் பின்பற்றுகிறது. அங்கு மறுவிற்பனை விலைக்கு உச்சவரம்பு உண்டு. எனவே அடுத்து வரும் ஆசிரியரும் வாங்க இயல்கிறது. 99 ஆண்டுக் குத்தகை நிலத்தை நன்கறிந்த நமக்கு இம்முறை அயலானதன்று.

இளையோர்க்குக் காலவரையறையுடன் கூடிய பணிவீடு, நிலைத்தோர்க்குக் குத்தகை நிலத்தில் சொந்த வீடு என இரண்டையும் இணைப்பதே தக்கதென்பது எம் கருத்து. வேலையோடு வீடும் போகும் என்ற லயத்து விதி கற்றோர் வாழ்விலும் தொடர வேண்டியதில்லை.