சொல்லக் கூசும் இடத்தில் ஓடும் உயிர்

வன்னியில் ஒரு கிராமத்து வாசிகசாலையில் பெண்களுக்கான கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தனர். நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா மட்டும் கதவடியில் தயங்கி நின்றார்.

"மிஸ், படி இறங்கேக்கை முழங்கால் தன்ரபாட்டிலை மடியுது. தண்ணிக் குடத்தோடை ரெண்டு தரம் விழுந்திட்டன்."

"டொக்டரிட்டைக் காட்டினீங்களோ அக்கா?"

"காட்டினனான். நாரி நோ எண்டு சொன்னன். குளிசை தந்தவை."

மெல்ல மெல்லத்தான் உண்மை வெளிவந்தது. 2009 இல் எறிகணைத் துண்டொன்று அவரது வலது தொடையின் மேற்பகுதியில், கவட்டுக்குச் சற்றுக் கீழே புகுந்திருந்தது. அது இன்னமும் உள்ளேதான் இருக்கிறது. "ஆம்பிளை டொக்டர். அந்த இடத்தை என்னெண்டு மிஸ் சொல்லுறது?" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் படித்தது சமூகவியல், மருத்துவமல்ல. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எமக்குத் தெரிந்த பெண் வைத்தியர் ஒருவரிடம் கேட்டும், நூல்களைப் பார்த்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். இடத்தின் அமைப்புத் தெரிந்தால் அதைச் சொல்லும் துணிவும் வரும் என்பது என் நம்பிக்கை.

முக்கோணமும் நான்கு 'ந'வும்

அடிவயிறும் தொடையும் சந்திக்கும் மடிப்பின் கீழே, தொடையின் முன்பக்கத்தில், முனை கீழ்நோக்கிய ஒரு முக்கோணம் இருக்கிறது. மேற்பக்கம் இடுப்பெலும்பிலிருந்து அடிவயிற்றின் நடு எலும்புவரை செல்லும் உறுதியான ஒரு நார். உட்பக்கம் தொடைகளை ஒன்றுசேர்க்கும் தசை. வெளிப்பக்கம் இடுப்பிலிருந்து முழங்காலின் உட்புறத்துக்குச் சாய்வாக இறங்கும் நீண்ட தசை. அக்காலத் தையற்காரர் சம்மணம் கட்டியிருந்து தைத்ததை வைத்து, அந்தத் தசைக்குத் தையற்காரரின் பெயரையே இலத்தீனில் இட்டார்கள். காலை அவ்வாறு மடக்க உதவுவது அதுதான்.

இந்தச் சிறிய இடத்தினூடாகவே கால் முழுவதற்கும் தேவையானவற்றில் பெரும்பகுதி செல்கிறது. வெளியிலிருந்து உள்நோக்கிய வரிசையை நினைவில் வைத்திருப்பது எளிது: நரம்பு, நாடி, நாளம், நிணநீர். நான்கும் 'ந'வில் தொடங்குகின்றன.

நரம்பு: முழங்காலைத் தாங்குவது

தொடை நரம்பு நாரியின் 2ஆம், 3ஆம், 4ஆம் முள்ளெலும்புகளின் அருகே தொடங்கி இந்த முக்கோணத்துக்கு வந்து பல கிளைகளாகப் பிரிகிறது. முழங்காலை நீட்டி நிறுத்தும் பெரிய முன்தொடைத் தசையை இயக்குவது இந்த நரம்பே. இது பழுதானால் படி இறங்கும்போது முழங்கால் மடியும். தொடை மெலியும். முன்தொடையும் காலின் உட்பக்கமும் விறைக்கும்.

அக்காவின் பிரச்சினை இங்கேதான். 'நாரி நோ' என்று கேட்ட வைத்தியர் நாரியைப் பார்த்தார். பழுது அதற்கு ஒரு சாண் கீழே, எவருமே பார்க்காத இடத்தில் இருந்தது.

தொடையின் வெளிப்பக்கம் மட்டும் எரிந்து விறைத்தால், அது தோலுக்குச் செல்லும் வேறொரு சிறு நரம்பின் தொல்லையாக இருக்கலாம். பாவாடைக் கயிற்றை இடுப்பெலும்பின்மேல் இறுக்கிக் கட்டுவதுகூட அந்த நரம்பை நெருக்கக்கூடும்.

நாடி: நிமிடங்களில் உயிரைப் பறிப்பது

இடுப்பெலும்பின் முன்முனைக்கும் அடிவயிற்றின் நடு எலும்புக்கும் சரிபாதியில், மடிப்பை ஒட்டி இரு விரல்களை வைத்து அழுத்திப் பாருங்கள். துடிப்பது தெரியும். அதுதான் காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தொடை நாடி. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தமே உண்டு. இந்த நாடி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடலாம். போர்க்காலத்தில் இதைக் கண்ணெதிரே கண்டவர்கள் நம்மிடையே பலர். செய்வதறியாது நின்றோமே என்ற துயரமும் அவர்களிடம் உண்டு. அந்த நேரத்தில், அந்த இடத்தில், பெரும்பாலும் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. அது உங்கள் குற்றமல்ல.

ஆனால் மாடு குத்துவதும் வீதி விபத்தும் இன்றும் நடக்கின்றன. மடிப்பில் ஏற்படும் காயத்துக்கு மேலே கயிறு கட்ட இடமில்லை. சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து, உடல் பாரத்தைக் கொடுத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். துணி நனைந்தால் எடுத்துப் பார்க்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்க வேண்டாம். அதன் இரு பக்கங்களிலும் அழுத்துங்கள். காயப்பட்டவரைப் படுக்கவைத்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். இலவச அம்புலன்ஸ் வரும்.

நாளம்: வீங்கிய காலை உருவ வேண்டாம்

நாடியின் உட்பக்கத்தில், காலிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுசெல்லும் தொடை நாளம் இருக்கிறது. நீண்டநாள் படுக்கையில் இருப்போருக்கும், கர்ப்பிணிகளுக்கும், பிள்ளை பெற்று ஆறு வாரங்கள் ஆகும்வரை தாய்மாருக்கும் இதனுள் இரத்தம் உறையும் ஆபத்துக் கூடுதலாகும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, நொந்து, சூடாக இருந்தால் எண்ணெய் பூசி உருவாதீர்கள். உறைந்த கட்டி கழன்று நுரையீரலை அடைத்தால் மூச்சு முட்டி மரணம் நேரலாம். அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

நிணநீர்: நெறி கட்டுவதும் வேறு வீக்கமும்

காலில் புண் வந்தால் கவட்டில் 'நெறி கட்டியிருக்கிறது' என்கிறோம். அங்குள்ள நிணநீர்க் கணுக்கள் கிருமியோடு போராடி வீங்குவதையே அப்படிச் சொல்கிறோம். புண் ஆற அதுவும் வற்றும். இரண்டு வாரங்களுக்கு மேலும் வற்றாவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நாளத்துக்கு அருகே ஒரு சிறிய இடைவெளியும் உண்டு. அதன் வழியாகக் குடலின் ஒரு பகுதி இறங்கிவிடலாம். இந்த வகைக் குடலிறக்கம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. இருமும்போது மடிப்பின் கீழே ஒரு திரளை தோன்றினால் நெறி என்று விட்டுவிடாதீர்கள். அது கல்லுப்போலாகி, நோவும் வாந்தியும் வந்தால் குடல் இறுகிக்கொண்டது என்று கருதவேண்டும். அப்போது ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

எப்படிச் சொல்வது?

'தொடையின் மேல், முன்பக்கம், மடிப்பின் கீழே' என்று சொன்னால் போதும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. பெண் வைத்தியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பரிசோதனையின்போது தாதி ஒருவரையோ உங்களோடு வந்த பெண்ணையோ அருகில் நிற்கவிடும்படி கேளுங்கள். உடலில் எறிகணைத் துண்டோ சன்னமோ இருந்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் உலோகத்தை அசைத்துவிடலாம்.

அந்த அக்காவோடு நானும் கிளினிக்குக்குப் போனேன். பெயர் கூப்பிட்டதும் என் கையை இறுகப் பிடித்தார். உள்ளே போனதும் விட்டுவிட்டார். "தொடையின்ரை மேலை, முன்பக்கம், பீஸ் இருக்கு" என்று தானே சொன்னார். வைத்தியர் தாதியை அழைத்து அருகில் நிற்கவிட்டுப் பரிசோதித்தார். எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. துண்டு நாடிக்கு மிக அருகில் இருப்பதால் அதை எடுப்பது ஆபத்து என்றார்கள். தொடைத் தசைக்கான பயிற்சிகளும் ஓர் ஊன்றுகோலும் கிடைத்தன.

கால் முழுதாகக் குணமாகவில்லை. ஆனால் அதன்பின் அவர் விழவில்லை. சென்ற மாதக் கூட்டத்தில் கதவடியில் நிற்காமல் முன்வரிசையில் வந்து இருந்தார். பக்கத்தில் இருந்த இளம்பெண்ணிடம் அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"பிள்ளை, எங்கை நோகுதெண்டு இடத்தைச் சொல்லு. நான் சொல்லாமல் கன வருசத்தை விட்டிட்டன்."