காருக்கு த்ராட்டில் பாடி ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா?

கோவில்பட்டியைத் தாண்டி கயத்தாறு நெருங்கும்போது நான்குவழிச் சாலையின் இருபுறமும் காற்றாலைகள் கண்ணில் படும. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்று கார் கதவைத் திறக்கவே விடாது. உங்கள் கார் இன்ஜினும் இந்தக் காற்றை இழுத்துத்தான் ஓடுகிறது. கூடவே கரிசல் புழுதியும் வரும்.

பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கும் பையன்களுக்கு ஓர் ஆசை வருவதுண்டு. இருக்கிற ஒரு த்ராட்டில் பாடியைக் கழற்றிவிட்டு இரண்டு மாட்டினால் பிக்கப் பிய்த்துக்கொண்டு போகும் என்று நினைக்கிறார்கள். வீடியோவில் கேட்கும் அந்த உறுமலும் ஆசையைக் கிளப்பிவிடும். ஆனால், நிஜத்தில் நடப்பது என்ன?

ஏர் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள குட்டைக் குழாய்தான் த்ராட்டில் பாடி. அதனுள்ளே வட்டமாக ஒரு தகடு இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் தகடு திரும்பி காற்றுக்கு வழிவிடும். எவ்வளவு காற்று போகிறது என்பதை சென்சார்கள் மூலம் இசியூ கணக்கிட்டு, அதற்கேற்ற பெட்ரோலை இன்ஜெக்டர் வழியே தெளிக்கவைக்கும். ஒருகாலத்தில் மாருதி கார்களின் பின்னால் பெருமையாக 'எம்பிஎஃப்ஐ' என்று எழுதியிருந்ததே, அது இந்த இன்ஜெக்டர் ஏற்பாட்டைத்தான் குறிக்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 1,200 சிசி இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 1.2 லிட்டர் காற்றை இழுக்கும். 6,000 ஆர்பிஎம்மில் முழுதாக மிதித்தாலும் நொடிக்குச் சுமார் 60 லிட்டர்தான். வாசலைப் பெரிதாக்கினால் இன்ஜினின் வயிறு பெரிதாகாது. தவிர, 50 மி.மீ. விட்டமுள்ள இரண்டு வாய்களின் மொத்தப் பரப்பு, 70 மி.மீ. விட்டமுள்ள ஒற்றை வாயின் பரப்பைவிட 2 சதவிகிதம்தான் அதிகம். எண்ணிக்கை இரட்டித்தால் காற்றும் இரட்டிக்கும் என்பது வெறும் பிரமை.

அப்படியானால் கம்பெனிகளே ஏன் இரண்டு வைக்கின்றன? நிஸான் 370இசட் காரின் 3.7 லிட்டர் வி6 இன்ஜினில் சிலிண்டர்கள் இரண்டு வரிசையாகப் பிரிந்திருக்கும். வரிசைக்கு ஒரு த்ராட்டில் பாடி என்றால் குழாய்களைச் சுற்றி வளைக்காமல் கொண்டுபோகலாம். பழைய பிஎம்டபிள்யூ எம்3 ஒன்றில் ஆறு சிலிண்டருக்கு ஆறு தகடுகள்! தகடு சிலிண்டருக்குப் பக்கத்திலேயே இருப்பதால், மிதித்த நொடியில் இன்ஜின் பதில் சொல்லும். ஆனால், கேம்ஷாஃப்ட் முதல் இசியூ புரோகிராம் வரை அந்த இன்ஜின்களில் எல்லாமே அதற்கென்று தயாரானவை. இரண்டு தகடுகளும் இம்மி பிசகாமல் ஒன்றாகத் திறக்கவும் வேண்டும். பிசகினால் ஐடிலிங்கில் வண்டி நடுங்கும்.

பிக்கப்பைவிட முக்கியமான விஷயம் பிரேக். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பிரேக் பூஸ்டருக்கான வெற்றிட இழுவை, த்ராட்டிலுக்குப் பின்னாலுள்ள மேனிஃபோல்டில் இருந்துதான் கிடைக்கிறது. பொதுவான மேனிஃபோல்டை எடுத்துவிட்டு சிலிண்டர்களுக்குத் தனித்தனி த்ராட்டில் மாட்டினால், அந்த இழுவை பலவீனமாகி விட்டுவிட்டு வரும். பெடல் கல்லாகிவிடும். நாற்கரச் சாலையில் எண்பதில் போகும்போது குறுக்கே ஆட்டு மந்தை வந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது. கம்பெனி வடிவமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் தடுக்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல் வரலாம்.

இந்தக் கரிசல் பக்கம் பிக்கப் குறைந்தால், முதலில் பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டரை. புழுதிச் சாலைக்கு அதை இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்லி காரோடு வரும் புத்தகத்திலேயே பெரும்பாலும் போட்டிருக்கும். நாம்தான் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஃபில்டருக்குப் பின்னால் வரும் ரப்பர் குழாயின் கிளாம்ப் தளர்ந்திருந்தால், வடிகட்டாத புழுதி நேராக உள்ளே போய் பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். இன்ஜினிலிருந்து வரும் எண்ணெய் ஆவியோடு தூசியும் சேர்ந்து தகட்டின் ஓரத்தில் கறுப்பாகப் படியும். ஐடிலிங் ஏறி இறங்குவதற்கும், சிக்னலில் வண்டி அணைந்துபோவதற்கும் பல நேரம் இந்தப் படிவுதான் காரணம்.

அதற்கென்று விற்கும் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்தால் படிவு போய்விடும். எலெக்ட்ரானிக் த்ராட்டிலாக இருந்தால் தகட்டை விரலால் அழுத்தித் திறக்காதீர்கள், உள்ளிருக்கும் பல்சக்கரம் கெட்டுவிடும். சுத்தம் செய்தபின் ஐடிலிங் சரியாக நிற்காவிட்டால் ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்பில் ரீசெட் செய்யச் சொல்லுங்கள்.