லாங் பஜார் பேரேடு முதல் உருது நாளிதழ் வரை: கூட்டெழுத்து எங்கே போச்சு?

வேலூர் லாங் பஜார். மொத்த வியாபாரக் கடைகள், மண்டிகள், பக்கத்திலேயே நேதாஜி மார்க்கெட். இங்கே ஒரு மூட்டை சரக்கு கைமாற இப்போ பேனாவே தேவையில்லை. ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருது, பில் கம்ப்யூட்டரில் ஓடுது, பணம் க்யூஆர் கோடில் போய்ச் சேருது.

சட்டமும் அந்தப் பக்கம்தான். ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், மற்ற நிறுவனங்களுக்குப் போடும் பில்லை மின் ரசீதாகப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஜிஎஸ்டி விதி 2023 ஆகஸ்ட் 1-ல் வந்தது. பெரிய வியாபாரி ஆசைப்பட்டாலும் கையால் எழுதி வேலையை முடிக்க முடியாது.

வசதிதான், மறுக்க முடியாது. அப்போ இழப்பு எங்கே?

எதுக்காக வந்தது கூட்டெழுத்து?

நாலு கோடு நோட்டில் 'கர்சிவ் ரைட்டிங்' எழுதினது ஞாபகம் இருக்கா? பலர் நினைப்பது போல அது அழகுக்காக மட்டும் வந்ததல்ல. இறகையும் கட்டைப் பேனாவையும் மையில் தொட்டு எழுதிய காலத்தில், பேனாவைத் தூக்கித் தூக்கி வைத்தால் மை சொட்டும், நேரமும் போகும். எழுத்துகளைச் சேர்த்து ஒரே இழுப்பில் எழுதினால் வேகம். பால்பாயின்ட் பேனா வந்ததும் மை சொட்டும் தொல்லை தீர்ந்தது. ஆபீஸ் வேலையை டைப்ரைட்டர் எடுத்துக்கொண்டது. மிச்சத்தை கம்ப்யூட்டரும் போனும் முடித்துவைத்தன.

அமெரிக்காவில் 2010-ல் வந்த பொதுப் பாடத்தரத்தில் கூட்டெழுத்துக்கு இடமில்லை. பின்லாந்து 2016-ல் அதைக் கட்டாயப் பாடத்திலிருந்து எடுத்தது. ஆனா கலிபோர்னியா யூ-டர்ன் அடித்தது. 1 முதல் 6-ம் வகுப்பு வரை மறுபடியும் கற்றுத்தர 2023-ல் சட்டம் போட்டது.

தமிழில் இது உண்டா?

தமிழ் எழுத்துகள் பொதுவாகத் தனித்தனியே நிற்பவை. ஆனா வேகமாக எழுத வேண்டிய இடத்தில் தமிழும் சேர்ந்து ஓடியது. பழைய பேரேடுகளிலும் பத்திரங்களிலும் வரும் குறிகளைப் பாருங்கள்: ரூபாய்க்கு ௹, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸. ஒரு சொல்லையே ஒரு சுழிப்பில் அடக்கிய கணக்குப்பிள்ளை எழுத்து இது. இந்தக் குறிகள் யூனிகோடில் இருக்கின்றன, உங்கள் போன் திரையிலும் தெரிகின்றன. பார்த்ததும் படிக்கத்தான் ஆளில்லை.

உருதுவில் என்ன நடந்தது?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தோல் பட்டையில் பல குடும்பங்களின் வீட்டு மொழி உருது. அதன் நஸ்தலீக் எழுத்துமுறை முழுக்கவே கூட்டெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் பக்கத்து எழுத்தைப் பார்த்து வடிவம் மாற்றும், சரிந்து இறங்கும். இதை அச்சுக்கோப்பது பெரும்பாடு. அதனால் உருதுப் பத்திரிகைகளை 'காதிப்' எனப்படும் எழுத்தர்கள்தான் பக்கம் பக்கமாகக் கையால் எழுதினார்கள். அந்தத் தாளைப் படமெடுத்து, தகடாக்கி, அச்சிடுவார்கள்.

அந்த முறையை கம்ப்யூட்டர் காலத்திலும் விடாமல் தொடர்ந்ததால் உலகப் புகழ் பெற்றது சென்னை திருவல்லிக்கேணியின் 'முசல்மான்'. 1927-ல் தொடங்கிய 4 பக்க மாலை நாளிதழ். ஒரு பக்கம் எழுத ஏறத்தாழ 3 மணி நேரம். கடைசி நேரச் செய்திக்காக முதல் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டுவைப்பார்கள்.

மற்ற இடங்களில் நிலைமை 1981-ல் மாறத் தொடங்கியது. பாகிஸ்தானின் மிர்சா அகமது ஜமீல் சுமார் 20,000 எழுத்துக்கூட்டுகளைக் கையால் உருவாக்கி, 'நூரி நஸ்தலீக்' என்ற கம்ப்யூட்டர் எழுத்துருவுக்குக் கொடுத்தார். 1994-ல் இந்தியாவில் உருவான 'இன்பேஜ்' மென்பொருள் அதைச் சாதாரண டிடிபி கடைக்கும் கொண்டுவந்தது. இதில்தான் முரண்: கம்ப்யூட்டருக்கு அந்த அழகைச் சொல்லிக்கொடுத்ததே ஒரு கைதான். எழுத்து பிழைத்தது, எழுதுகிறவர் வேலை போச்சு.

மூளை என்ன சொல்லுது?

நார்வே ஆய்வாளர்கள் 36 பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2024-ல் வெளியானது. டைப் செய்ததைவிடக் கையால் கூட்டெழுத்தில் எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பு விரிவாக இருந்தது. ஆனா அதில் மாணவர்கள் ஒற்றை விரலால்தான் டைப் செய்தார்கள். எழுதியதும் டச் ஸ்கிரீனில், டிஜிட்டல் பேனாவால். ஆக, பலன் கை அசைவில் இருக்கிறது. காகிதம்தான் வேண்டும் என்றில்லை.

நிஜமான இழப்பு எது?

எழுதும் பழக்கம் போனால் சமாளிக்கலாம். படிக்கும் பழக்கமும் கூடவே போவதுதான் சிக்கல். தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சேர்ந்து ஓடும் கையெழுத்து, இடையிடையே ௸ போன்ற குறிகள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்றால் 'லை', 'னை' எல்லாம் யானைத் தும்பிக்கை போட்ட பழைய வடிவில் இருக்கும். நாலு பக்க எல்லை சொல்லும் செக்குபந்தி அதில்தான் இருக்கிறது. ஒரு எண்ணைத் தப்பாகப் படித்தால் பக்கத்து நிலத்துக்காரரோடு வழக்கு வரைக்கும் போகலாம்.

பள்ளியில் கர்சிவ் திரும்ப வருமா வராதா என்பது நம் கையில் இல்லை. இது இருக்கு: பத்திரம், கடிதம், பழைய கணக்கு நோட்டு எதுவாக இருந்தாலும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். படிக்கத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் உட்காரவைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லி ரெக்கார்டு செய்யுங்கள். காகிதம் இன்னும் பல வருஷம் தாங்கும். அதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வயசாகிட்டே இருக்கு.