காகிதம் வேண்டுமா, காடு வேண்டுமா?

மேலே உள்ள தலைப்பைப் பல பள்ளிகளின் சுவர்களில் விழிப்புணர்வு வாசகமாகவே பார்த்திருப்போம். நான் பணியாற்றும் பகுதியில் சவுக்குப் பயிரிடும் குடும்பங்கள் அதிகம். வெட்டிய சவுக்கு லாரியில் காகித ஆலைக்குப் போவதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இந்த வாசகம் குழப்பத்தைத் தருகிறது. ‘அப்படியானால் எங்க அப்பா காட்டை அழிக்கிறாரா?’ என்று கேட்கிறார்கள். இதற்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது. ஆனால் நம் நாட்டின் சுற்றுச்சூழல் சட்டங்கள் ஒரு தொழிலை எப்படி மாற்றின என்று விளக்க இதைவிட நல்ல வாய்ப்பும் கிடையாது.

ஒரு காலத்தில் காகித ஆலை என்றால் காடு என்பது உண்மைதான். அரசுகள் காட்டு மூங்கிலை மிகக் குறைந்த விலைக்கு ஆலைகளுக்குக் கொடுத்தன. கேரளத்தில் மாவூரில், சாலியாற்றங்கரையில் 1963இல் தொடங்கிய மரக்கூழ் ஆலை இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. அந்த ஆலைக்கு ஒரு டன் மூங்கில் ஒரு ரூபாய்க்குக் கிடைத்தது. இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் பொருளை யார் சிக்கனமாகப் பயன்படுத்துவார்கள்? மூங்கில் குறைந்துகொண்டே வந்தது; கழிவுநீரால் ஆறும் கெட்டது. நீண்ட மக்கள் போராட்டத்துக்குப் பிறகு ஆலை மூடப்பட்டது. அதை நம்பியிருந்த தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். வகுப்பில் இந்த இரண்டு பக்கங்களையும் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்து வந்த சட்டங்களைக் கால வரிசையில் கரும்பலகையில் எழுதினால் மாணவர்களுக்குத் தெளிவாகப் புரியும். 1974இல் நீர் மாசு தடுப்புச் சட்டம். 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம். அதன்படி வன நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மத்திய அரசின் முன் அனுமதி தேவை. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1988இல் தேசிய வனக் கொள்கை. ஆலைகளுக்குச் சலுகை விலையில் வனப் பொருள் தரும் வழக்கம் நிற்க வேண்டும், தேவையான மரத்தை ஆலைகள் விவசாயிகளோடு நேரடித் தொடர்பு வைத்துப் பெற வேண்டும் என்று இந்தக் கொள்கை கூறியது. காகிதத் தொழிலின் திசையை மாற்றியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

காட்டு வாசல் குறுகியதும் ஆலைகள் வயலை நோக்கி வந்தன. சவுக்கு, தைலமரம், மலைவேம்பு ஆகியவற்றின் தரமான கன்றுகளை விவசாயிகளுக்குக் கொடுத்து, விளைந்த மரத்தைத் திரும்ப வாங்கும் முறை பரவியது. இன்னொரு வழி, மரமே இல்லாத மூலப்பொருள். கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டே தொடங்கப்பட்டது. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் எரித்து வந்தன. அவற்றுக்கு மாற்று எரிபொருளுக்கு ஏற்பாடு செய்து கொடுத்து, சக்கையை இந்த நிறுவனம் பெற்றுக்கொண்டது.

மூலப்பொருள் மாறினாலும் கழிவுநீர்ச் சிக்கல் அப்படியே இருக்கும். இங்கே அறிவியல் பாடத்தை இணைக்கலாம். மரத்திலும் சக்கையிலும் உள்ள செல்லுலோஸ் இழைகள்தான் காகிதமாகின்றன. அந்த இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னினைக் காரத்தில் வேகவைத்துப் பிரிக்கிறார்கள். மிஞ்சுவது ‘கருந்திரவம்’. பெரிய ஆலைகள் இதைச் சுண்டவைத்து எரித்து, நீராவியையும் காரத்தையும் மீட்டெடுக்கின்றன. அதற்கான இயந்திரத்தின் விலை மிக அதிகம் என்பதால், சிறிய ஆலைகள் பல கருந்திரவத்தை ஆற்றில் விட்டன. விதிகள் இறுகியபோது அவற்றில் சில மூடப்பட்டன. சில, பழைய காகிதத்திலிருந்து புதுக் காகிதம் செய்யும் தொழிலுக்கு மாறின.

கூழை வெளுக்க நேரடியாகக் குளோரின் பயன்படுத்தினால், எளிதில் சிதையாத நச்சுக் கரிமக் குளோரின் சேர்மங்கள் உண்டாகும். 2003இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்சாலைகளுடன் சேர்ந்து உருவாக்கிய சாசனம், இத்தகைய கழிவு ஒரு டன் காகிதத்துக்கு 1.5 கிலோவாகவும், பிறகு 1 கிலோவாகவும் குறைய வேண்டும் என்றது. பெரிய ஆலைகள் குளோரினைக் கைவிட்டுக் குளோரின் டை ஆக்சைடுக்கு மாறியதற்கு இத்தகைய விதிகள் முக்கியக் காரணம்.

விதிகள் எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிட்டன என்று சொல்ல முடியாது. சுத்திகரிப்புச் செலவைப் பெரிய ஆலை தாங்கும், சிறிய ஆலை தாங்காது. மரம் வளர்க்கும் விவசாயி ஆலை தரும் விலையை நம்பியே இருக்கிறார். ஒரே வகை மரம் மட்டும் நிற்கும் தோப்பு, பலவகை உயிர்கள் வாழும் காட்டுக்கு ஈடாகாது. சில நேரம் விதியே தடையாகவும் இருந்திருக்கிறது. 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மூங்கிலை ‘மரம்’ என்றே கணக்கிட்டதால், பட்டா நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டி எடுத்துச் செல்வதிலும் சிரமம் இருந்தது. மூங்கில் தாவரவியலில் புல் இனம். 2017இல் செய்த திருத்தம், வனத்துக்கு வெளியே வளரும் மூங்கிலை அந்த வரையறையிலிருந்து நீக்கியது.

காட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட தொழிலைக் காடே திரும்ப அழைத்த கதையும் உண்டு. முதுமலையில் வேகமாகப் பரவிய அந்நிய மரமான சென்னா ஸ்பெக்டபிலிஸை அகற்ற வனத்துறை முடிவு செய்தபோது, அந்த மரங்கள் காகிதக் கூழுக்காகவே வெட்டி எடுக்கப்பட்டன. எந்த மரம், எந்த இடம், யார் அனுமதி என்பதைப் பொறுத்துத்தான் வெட்டுவது அழிவா பாதுகாப்பா என்பது முடிவாகிறது. என் வகுப்பில் அதிக விவாதம் நடந்தது இந்தச் செய்தியில்தான்.

வகுப்பில் செய்து பார்க்க ஓர் எளிய செயல்பாடு. பழைய நோட்டுத் தாள்களைக் கிழித்து ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் நன்றாக மசித்து, சல்லடையில் பரப்பிக் காயவையுங்கள். சொரசொரப்பான புதுத் தாள் கிடைக்கும். இத்துடன் பலரும் செயல்பாட்டை முடித்துவிடுவோம். நான் வடிந்த நீரையும் ஒரு வாளியில் சேர்த்து வைக்கச் சொல்கிறேன். மையும் இழைத்துகளும் கலந்து கலங்கிய அந்த நீரைக் காட்டி, ‘இதை எங்கே ஊற்றலாம்?’ என்று கேளுங்கள். செடிக்கு, சாக்கடைக்கு, வடிகட்டிய பிறகு மறுபடி ஊறவைக்க என்று பதில்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் யாருக்கு நன்மை, யாருக்குச் செலவு என்று குழுவாகப் பேசி, தங்கள் வகுப்புக்கு ஒரு விதியை மாணவர்களே எழுதட்டும்.